பாய்ந்ததும் கழன்ற நீச்சல் கண்ணாடி

38 வயதில் நீச்சல் கற்று, 25 வயது நிரம்பியவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஓரளவு வசப்பட்டுவிட்டது. மேடையிலிருந்து பாய்வதுதான் வம்பு. பாய்ந்த ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குள் தண்ணீர். சில முறை கண்ணாடியே வாய்க்கு இறங்கிவிடும்.

பட்டையை இறுக்கினேன். கண்ணைச் சுற்றி ஆந்தை வளையம் விழுந்ததுதான் மிச்சம். வேறு இரண்டு கண்ணாடிகள் வாங்கியும் பயனில்லை. பட்டையின் மேல் இன்னொரு தொப்பி போட்டபோது கண்ணாடி கழலவில்லை, தண்ணீர் மட்டும் புகுந்தது. பத்து நாள் இப்படியே போயிற்று. மாஸ்டர்ஸ் விதிப்படி தண்ணீருக்குள் நின்று சுவரை உதைத்தும் தொடங்கலாம். அதற்கு மனம் ஒப்பவில்லை.

தண்ணீர் எப்போதும் மேல் விளிம்பு வழியாகவே வந்ததை அப்போதுதான் கவனித்தேன். நண்பர் எடுத்த மெதுவான வீடியோவில் காரணம் தெரிந்தது. விரல் நுனி நீரைத் தொடும் கணத்தில், எங்கே விழுகிறோம் என்று பார்க்கத் தலையைத் தூக்குகிறேன்! நீர் நேராக முகத்தில் அறைகிறது.

மேல்கைகளால் காதுகளை அழுத்தி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, பாதம் நீருக்குள் போகும்வரை அசைக்காமல் வைத்தேன். முதலில் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு ஒரு முழங்கால் ஊன்றி, கடைசியில் மேடையிலிருந்து. ஆறு பாய்ச்சலில் ஐந்தில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆறாவதில், தொப்பியின் விளிம்பு கண்ணாடி ரப்பருக்கு அடியில் மடிந்து கிடந்தது.