கியூஆர் கோட்: அச்சகத்துக்கு அனுப்பும் முன்

2022இல் இலங்கையில் கியூஆர் கோட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்க வரிசையில் நின்றவர்களுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. இப்போது எல்ல பக்கம் ஒரு ஹோம்ஸ்டே திறந்தாலும், நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குக் கடை போட்டாலும் வாசலில் ஒரு கோட் தொங்குகிறது. அது திறக்காமல் போனால் எல்லாரும் அச்சடித்தவரைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் பல நேரம் கோளாறு உள்ளே போட்ட இணைய முகவரியில் இருக்கும்.

இலவசமாகக் கோட் செய்து தரும் தளங்கள் சிலவற்றில், நீங்கள் கொடுத்த முகவரி கோட்டுக்குள் போவதே இல்லை. அந்தக் கம்பனியின் குட்டி முகவரி ஒன்று போகிறது. ஸ்கேன் செய்பவர் முதலில் அங்கே போய், அப்புறம்தான் உங்கள் பக்கத்துக்கு வருவார். இதுதான் டைனமிக் கோட். பிறகு முகவரியை மாற்றலாம், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று பார்க்கலாம், சரி. ஆனால் இலவசக் காலம் முடிந்ததும் கம்பனி அந்த வழியை அடைத்துவிட்டால், சீசன் நடுவில் உங்கள் மெனு திறக்காது. போர்டெல்லாம் அடித்து மாட்டிய பிறகு பணம் கட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஸ்டாடிக் கோட்டில் உங்கள் முகவரியே நேராக இருக்கும். காலாவதியாக அதில் எதுவும் இல்லை. எந்த வகை என்று தெரிய, போன் கேமராவைக் காட்டுங்கள். திரையில் வரும் முகவரி உங்களுடையதாக இல்லாவிட்டால் அது டைனமிக். சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் அதிலேயே ஒரு சின்ன முகவரி வைத்து, வேண்டிய பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். பக்கத்தை மாற்றவும் முடியும், காலாவதியும் ஆகாது.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். முகவரியில் ‘தேயிலை’ என்று இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது அது சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த 54 எழுத்தாக நீண்டுவிடும். எழுத்து கூடக் கூடக் கோட்டிலுள்ள குட்டிக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் கூடும். மிகச் சிறிய கோட்டில் ஒரு வரிசைக்கு 21 கட்டம், மிகப் பெரியதில் 177. அதே இரண்டு அங்குலத்துக்குள் அத்தனையும் அடைத்தால் பழைய போன்கள் திணறும். பக்கத்தின் தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

நடுவில் லோகோ வைக்க ஆசைப்படுகிறவர்கள், கோட் செய்யும் தளத்தில் பிழைதிருத்த அளவு என்ற இடத்தில் உயர்ந்ததைத் தெரிவு செய்ய வேண்டும். அதில் ஏறக்குறைய 30 சதவீதம் மறைந்தாலும் கோட் படிக்கும். அதற்கும் கட்டங்கள் கூடும் என்பதால், லோகோ அவசியமா என்று ஒருமுறை யோசியுங்கள். எனக்கு அது வீண் அலங்காரமாகத்தான் படுகிறது.

சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு வேண்டும்; டிசைன் செய்பவர் அழகுக்காக அதை வெட்டினால் விடாதீர்கள். வெளிர் பச்சையில் கோட் அடிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கலங்கிவிடும், பிடிஎஃப் அல்லது எஸ்விஜி கோப்பாகக் கொடுங்கள். அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 சென்டிமீட்டர். ஹட்டன் ரோட்டில் வளைவில் திரும்புகிற பஸ்ஸிலிருந்து எவரும் ஸ்கேன் செய்யப் போவதில்லை, அந்த பேனரில் போன் நம்பரைப் பெரிதாகப் போடுங்கள்.

நம் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் வெறும் தாள் தாங்காது. லேமினேட் செய்யும்போது பளபளப்பில்லாத மேட் வகையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னும். தோட்டப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் பெரிய படங்கள் நிறைந்த மெனு பிடிஎஃப் திறக்கவே திறக்காது. இலேசான பக்கம் ஒன்று போதும். கோட்டுக்குக் கீழே முகவரியையும் எழுத்தில் அடித்துவிடுங்கள்.

காசு கட்டுகிற லங்கா கியூஆரும் மெனு கோட்டும் ஒரே மேசையில் இருந்தால், எது எதற்கென்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் கோட்டின் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிப் போகும் மோசடியும் இருக்கிறது. காலையில் கடை திறக்கும்போது விரலால் தடவிப் பார்த்து, உங்கள் போனிலேயே ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள்.