லென்ஸைத் திருப்பி மாட்டுங்கள், மேக்ரோ தயார்

சிறு பொருளைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ படத்துக்குத் தனி லென்ஸ் வாங்கப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். டி.எஸ்.எல்.ஆர் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் இருந்தால், லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிவர்ஸ் ரிங் போதும். லென்ஸின் முன்புறம் Ø குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் ஃபில்டர் அளவு. 49, 52, 58 என்று லென்ஸுக்கு லென்ஸ் மாறும், பார்த்து வாங்குங்கள்.

ரிங்கை லென்ஸின் முன்பக்கம் திருகி, அந்தப் பக்கத்தையே கேமராவில் மாட்டுங்கள். 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 1:1 தரும், அதாவது பொருள் தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். ஏ.பி.எஸ்-சி என்ற சிறிய வகை சென்சாரில் அப்போது படத்தின் அகலம் 22 முதல் 24 மி.மீ.தான். 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயம் முழுதாக அடங்காது. ஸ்கேலைப் படமெடுத்துக் கோடுகளை எண்ணினால் உங்கள் அளவு தெரிந்துவிடும். 18-55 கிட் லென்ஸ் என்றால் 55-இல் தொடங்குங்கள். திருப்பி மாட்டிய லென்ஸில் 18 பக்கம் போகப் போகத்தான் பொருள் பெரிதாகும், கை நடுக்கமும் கூடவே பெரிதாகும்.

பலரும் சறுக்குவது அபெர்ச்சரில், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையில். எஃப் எண் கூடினால் துளை சுருங்கும். கேனான் இ.எஃப் லென்ஸை முதலில் நேராக மாட்டி எஃப்/8 வையுங்கள். துளையை அந்த அளவுக்குச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பட்டனை அழுத்தியபடியே, கேமரா ஆனில் இருக்கும்போதே கழற்றுங்கள். துளை அப்படியே நிற்கும். அபெர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸைக் கழற்றினால் துளை முழுக்கச் சுருங்கி, வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். பின்பக்கமுள்ள சிறு நெம்புகோலைத் தள்ளி, மடித்த காகிதத்தைச் செருகி நிறுத்துங்கள். எஃப்/16-க்குப் போக வேண்டாம். 1:1-இல் எஃப்/8-ஏ எஃப்/16 அளவுக்குத்தான் ஒளியை விடும். அதற்கும் மேல் சுருக்கினால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) படம் மழுங்கும்.

ஃபோகஸ் ரிங்கைத் திருகிப் பயனில்லை. பொருளைத்தான் நகர்த்த வேண்டும். லென்ஸிலிருந்து 4.5 செ.மீ. அளவில் ஃபோகஸ் விழும், தெளிவாகத் தெரியும் ஆழமோ அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். தீக்குச்சியின் தலையில் முன்பக்கம் மருந்தின் சொரசொரப்பு துல்லியமாக விழுந்தால், பக்கவாட்டு வளைவு மங்கிவிடும். கேமராவை மேசையில் அசையாமல் வைத்து, குச்சியை ஸ்கேல் மேல் களிமண்ணில் நட்டு, ஸ்கேலைத் துளித்துளியாகத் தள்ளுங்கள். 0.4 மி.மீ. இடைவெளியில் எட்டுப் படம் எடுத்து, ஹ்யூகின் போன்ற இலவச மென்பொருளோடு வரும் கருவிகளில் இணைத்தால் தலை முழுதும் தெளியும்.

மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். எம் (மேனுவல்) மோடு, ஐ.எஸ்.ஓ 100, திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூ, 2 வினாடி டைமர். ஷட்டர் கால் வினாடி ஆனாலும் பரவாயில்லை, அசையாத பொருள்தானே.

லென்ஸ் இவ்வளவு நெருங்கும்போது அதன் நிழலே பொருள் மேல் விழும். எல்.இ.டி டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நடுவில் பட்டர் பேப்பரைப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு துண்டு வெள்ளைத் தெர்மாகோல். பட்டர் பேப்பர் இல்லாவிட்டால் கல் உப்பில் வெறும் வெள்ளைத் திட்டுகள்தான் தெரியும். இருந்தால் படிகத்தின் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக எழும்.

திருப்பி மாட்டியதும் லென்ஸின் பின்கண்ணாடி வெளியே திறந்து நிற்கும், கீறினால் லென்ஸே போச்சு. பழைய பின்மூடி ஒன்றின் நடுவை வெட்டி எடுத்து, வளையமாக்கி மாட்டிவிடுங்கள்.