ஒற்றை நூல் பட்டமும் இரட்டை நூல் பட்டமும்: தெரிவும் ஏற்றும் முறையும்

பட்டம் வாங்குகிறவர் நிறத்தையும் உருவத்தையும் பார்க்கும் முன் எந்தக் கரையில், எந்தக் காற்றில் ஏற்றப் போகிறார் என்பதை முடிவு செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரைக்கு வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும் கடல் மேலாக வருகின்றன. வழியில் தடை இல்லை, அதனால் மார்கழி, தையில் காற்று சீராக இருக்கும். அந்தக் கரையிலுள்ள வல்வெட்டித்துறையின் பட்டப் போட்டி தைப்பொங்கலன்று நடப்பதற்கு இந்தக் காற்றும் துணை. ஆனி, ஆடியில் தென்திசையிலிருந்து அடிக்கும் சோளகம் அதே கரைக்கு வீடு, மதில், பனங்கூடல் எல்லாம் தாண்டி வந்து சேர்கிறது. ஒரு நிமிடம் இழுக்கும், மறு நிமிடம் படுத்துவிடும். 15 மீற்றர் உயரப் பனங்கூடலுக்குப் பின்னால் குறைந்தது 100 மீற்றருக்கு நல்ல காற்றை எதிர்பார்க்க வேண்டாம். கொழும்பு காலிமுகத்திடலில் இது மாறி நடக்கும். மேற்கே கடலைப் பார்த்த திடல் அது, தென்மேற்குக் காற்று காலத்தில்தான் அங்கே பட்டத்துக்கு வாய்ப்பு.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடலாம். முகத்தில் காற்றுப் பட்டு இலை சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர். இலையும் சிறு கொப்பும் ஓயாமல் ஆடி, சிறு கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19. புழுதியும் கடதாசியும் கிளம்பினால் 20 முதல் 28. கைப்பேசி காட்டும் வேகம் 10 மீற்றர் உயரத்துக்கானது, மணலில் நிற்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் உணர்வீர்கள். சிறு மரங்களே அசையத் தொடங்கினால் பழகாதவர்கள் பட்டத்தைச் சுருட்டி வைப்பது நல்லது.

ஒற்றை நூல்

முதல் பட்டத்துக்கு முக்கோண வடிவ டெல்டாவை விடப் பொருத்தமானது இல்லை. 2 மீற்றர் அகலமுள்ள டெல்டா 8 கிலோமீற்றர் காற்றிலேயே ஏறும், பெரும்பாலும் வால் தேவைப்படாது. தட்டையான நாற்கோணப் பட்டத்துக்கு அதன் உயரத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வால் வேண்டும். தடியே இல்லாமல் காற்றுப் புகுந்து உப்பி நிற்கும் பராபொயில் பைக்குள் சுருண்டு கிடக்கும், ஆனால் காற்று விட்டுவிட்டு வீசினால் சுருங்கி விழும். கடைப் பட்டத்துக்குக் காற்றில் ஒலிக்கும் விண் பூட்ட ஆசைப்பட வேண்டாம். நம்மூர்ப் பட்டத்தின் மூங்கிலும், பட்டத்தை நூலோடு சேர்க்கும் கட்டான முச்சையும் விண்ணின் பாரத்தைக் கணக்கில் வைத்துக் கட்டப்படுகின்றன, மெல்லிய டெல்டாவின் சமநிலை அதைத் தாங்காது.

நூலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீற்றர் பட்டத்துக்குக் குறைந்தது 15 கிலோ தாங்கும் நூல், பலத்த வாடையில் அதன் இரு மடங்கு. பின்னிய பொலியெஸ்டர் நூல் போதும். மீன்பிடித் தங்கூசி வேண்டாம். அது நீளும், கையை அறுக்கும், சைக்கிளில் வருகிறவர் கண்ணுக்கும் தெரியாது.

ஏற்றுவதற்கு ஓடத் தேவையில்லை. ஓடினால் பட்டம் உங்கள் வேகத்தில் ஏறி, நீங்கள் நின்றதும் விழும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, இன்னொருவரை 20 மீற்றர் தள்ளிப் பட்டத்தோடு நிறுத்துங்கள். நூல் இறுகியதும் அவர் எறியாமல் கையை விட்டால் போதும். நீங்கள் கைமாற்றிக் கைமாற்றி இழுங்கள்.

ஏறாவிட்டால் முச்சையில் நூல் கட்டும் இடத்தைப் பாருங்கள். அந்த முடிச்சு வால் பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் பட்டம் பலமாக இழுக்கும், உயராது, பம்பரமாய்ச் சுற்றும். தலைப்பக்கம் அதிகம் ஏறியிருந்தால் உச்சிக்கு மிதந்து போய், நூல் தளர்ந்து கவிழும். ஒரு முறைக்கு 5 மில்லிமீற்றர் மட்டும் நகர்த்திப் பாருங்கள். பலத்த காற்றுக்குத் தலைப்பக்கம், மெல்லிய காற்றுக்கு வால் பக்கம். எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் முச்சையைத் தொடாதீர்கள், அங்கே குற்றம் தடிகளின் வளைவிலோ பாரத்திலோ இருக்கும்.

நூலைக் கையில் சுற்றக் கூடாது. 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் பெரிய பட்டம் ஒன்றை ஏற்றிய குழுவில் மற்றவர்கள் கயிற்றை விட, விடாமல் பிடித்திருந்த இளைஞரைப் பட்டம் மேலே தூக்கிச் சென்றது. பெரிய பட்டத்தின் கயிறு மண்ணில் இறக்கிய முளையில் இருக்க வேண்டும்.

இரட்டை நூல்

இங்கிலாந்தில் பீற்றர் பவல் 1972இல் கொண்டுவந்த நீண்ட குழாய்வால் பட்டம்தான் இரு நூலால் திருப்பும் பட்டத்தைப் பரவலாக்கியது. இன்றைய வகை இரு சிறகு முக்கோணம். நடுவில் முதுகுத் தடி, இரு முன்விளிம்புத் தடிகள், மேலும் கீழும் குறுக்குத் தடிகள், துணியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும் சிறு தாங்கிகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முச்சை.

சிறுவருக்கென்று விற்கும் ஒரு மீற்றருக்குக் குறைந்த பட்டம் மலிவு, ஆனால் பழக அதுதான் கடினம். சிறிய பட்டம் வேகமாகத் திரும்பும், கை யோசிப்பதற்குள் மண்ணில் குத்தும். 1.5 முதல் 1.8 மீற்றர் அகலம் எடுங்கள். பைபர் கிளாஸ் தடி விழுந்தாலும் வளைந்து தப்பும். காபன் தடி இலேசானது, மெல்லிய காற்றிலும் பறக்கும், குத்தினால் முறியும். குறுக்குத் தடி ஒன்றை உபரியாக வாங்கி வையுங்கள்.

நூலில் சிக்கனம் கூடாது. அதிகம் நீளாத செயற்கை இழையான டைனீமா நூல் 25 மீற்றர் நீளத்தில் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 கிலோ தாங்குவது. சாதாரண நைலோன் நீண்டு கொடுக்கும், கை இழுப்பது பட்டத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். இரு நூலும் ஒரே நீளமாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு பக்க முனைகளை முளையில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்து இரண்டு நிமிடம் பலமாக இழுத்துப் பிடித்துவிட்டு ஒப்பிடுங்கள். 1 சென்ரிமீற்றர் வித்தியாசமே பட்டத்தை ஒரு பக்கம் இழுக்கும். புதிய நூல் முதல் சில முறை நீளும், அப்போது மறுபடி அளக்க வேண்டும். பட்டத்தோடு நூலை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். நூல் முனைக் கண்ணியை மடித்துச் சுருக்காக்கி, முச்சையிலிருந்து தொங்கும் முடிச்சுக்குப் பின்னால் இறுக்கினால் கழற்றுவதும் எளிது, நூலும் பலம் இழக்காது.

காற்று உங்கள் முதுகில் படட்டும். வாடைக் காலத்து வடமராட்சியில் இதன் பொருள், கடலுக்கு முதுகு காட்டி அலை ஓரம் நிற்பது. முன்னாலும் இரு பக்கமும் 40 மீற்றர் வெளி தேவை. பட்டத்தை இரு சிறகு நுனிகளில் நிறுத்தி, தலையைப் பின்னால் சாயுங்கள், காற்றே அதை மண்ணோடு அழுத்தி வைக்கும். நூலை விரித்துக் கைப்பிடிகளை எடுத்துச் சற்றே இழுத்தால் பட்டம் நிமிரும். கைகள் இடுப்பளவில் இருக்க, இரண்டையும் ஒன்றாகப் பின்னுக்கு இழுத்து இரண்டு அடி பின்வையுங்கள்.

வலக்கையை இழுத்தால் வலம், இடக்கையை இழுத்தால் இடம், கைகள் சமமானால் நேர். ஒரு சாண் இழுப்பே அதிகம். பழகாதவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்குவார்கள், அப்போது இழுக்க மிச்சம் எதுவும் இருக்காது. வட்டம் போட்டால் நூல் முறுகும், பயப்பட வேண்டாம். டைனீமா வழுக்கும், நான்கைந்து முறுக்கு வரை பட்டம் சொல் கேட்கும். எதிர்ப்பக்கம் வட்டமிட்டால் பிரியும்.

பட்டம் தலைகீழாக மண்ணை நோக்கி வரும்போது பின்னால் ஓடத் தோன்றும். அது வேகத்தைக் கூட்டி அடியைப் பலமாக்கும். முன்னோக்கி ஓடி நூலைத் தளரவிடுங்கள், பட்டம் இலை போல விழும். இறக்க விரும்பினால், பட்டம் பறக்கக்கூடிய பரப்பான காற்றுவெளியின் ஓரத்துக்குத் தாழ ஓட்டிச் செல்லுங்கள். நேர் முன்னால்தான் இழுவை அதிகம், ஓரத்தில் அது குறைந்து பட்டம் தானே உட்காரும்.

முச்சையை நகர்த்தும்போது இரு பக்கமும் சமமாக 3 மில்லிமீற்றர். தலைப்பக்கம் நகர்ந்தால் எளிதாக எழும்பி வேகமாக முன்னேறும், வால் பக்கம் நகர்ந்தால் கூர்மையாகத் திரும்பும், ஆனால் எழும்பப் பிடிவாதம் காட்டும்.

ஒற்றை நூல் பட்டக்காரர் அருகே இரட்டை நூலை ஏற்றாதீர்கள். டைனீமா சுமார் 150 பாகை செல்சியசில் உருகும், இன்னொரு நூலோடு உராய்ந்தால் அந்தச் சூட்டிலேயே அறும். மின்கம்பி, இடிமுழக்கம், விமான நிலையம் மூன்றுக்கும் அருகே போக வேண்டாம். காபன் மின்சாரத்தைக் கடத்தும், உப்பில் நனைந்த நூலும் கடத்தும்.

வீட்டுக்கு வந்ததும் நூலை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நடுப்பொருத்தில் சிக்கிய மணலைத் தட்டி எடுங்கள், தடிகள் பொருந்தும் இடத்தை அது அராவிவிடும்.