ரோபோ ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு, இனி முதுகை எப்படி பார்த்துக்கிறது?

அம்மாவுக்கு கீழ் முதுகுல எல்4-எல்5ங்கிற ரெண்டு எலும்புலயும் ஸ்க்ரூ போட்டு, ரெண்டும் ஒண்ணா ஒட்டுற மாதிரி ஃப்யூஷன் பண்ணி அனுப்புனாங்க, பார்க்க வந்த சித்தி கேட்ட முதல் கேள்வியே "ரோபோ அறுத்துச்சுன்னா டாக்டர் என்னதான் பண்ணாரு?"ன்னு. ஸ்க்ரூ எந்த ஆங்கிள்ல போகணும்னு சிடி ஸ்கேன வச்சு டாக்டர்தான் பிளான் போடுறாரு, ரோபோ கை அந்த இடத்துக்கு போய் ஆடாம வழி காட்டிட்டு நிக்கும், துளை போட்டு ஸ்க்ரூ இறக்குறது அவர் கைதான். 2004லயே இஸ்ரேல் கம்பெனி மேசரோட மெஷினுக்கு அமெரிக்காவுல அனுமதி கொடுத்துட்டாங்க, அவ்ளோ புதுசும் இல்ல.

லாபம் என்னன்னா ஸ்க்ரூ குறி தப்புறது குறையுது, சின்ன கீறல் வழியா பண்ணா தசையை அதிகம் உரிக்க வேணாம், ரத்தமும் கம்மியா போகும், அதனால மொதல் ரெண்டு வாரம் வலி தாங்குற மாதிரி இருக்கும். வம்பே இங்கதான், வலி இல்லன்னதும் எல்லாம் ஒட்டிடுச்சுன்னு நெனச்சுடுவோம். ஸ்க்ரூங்கிறது சென்ட்ரிங் முட்டு மாதிரி, உள்ள கான்கிரீட் இறுகணும்ல? எலும்பு ஒட்ட ரோபோன்னாலும் பழைய முறைன்னாலும் மாசக்கணக்குதான், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். அம்மா பன்னெண்டாவது நாள், வலியே இல்லன்னு கீழ விழுந்த கரண்டியை குனிஞ்சு எடுத்துட்டாங்க, அன்னைக்கு ராத்திரி முழுக்க யாருக்கும் தூக்கம் இல்ல. மறுநாளே அடுப்படி சாமான் எல்லாத்தையும் இடுப்பு உயரத்துக்கு ஏத்தி வச்சேன்.

படுக்கையில இருந்து எழுந்திருக்க ஒரு முறை இருக்கு, இத ஆபரேஷனுக்கு முன்னாடியே பழகிடுங்க: முட்டிய மடக்கி, தோளும் இடுப்பும் ஒண்ணா மரக்கட்டை உருள்ற மாதிரி ஒருக்களிச்சு திரும்பணும், காலை கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டுக்கிட்டே கையை ஊன்றி எழும்பணும். நேரா மல்லாக்க படுத்த வாக்குல வயித்தை எக்கி எந்திரிக்கவே கூடாது.

நடைதான் மருந்து, அஞ்சு நிமிஷமா நாலு தடவை நடக்கட்டும். தரையில சம்மணம், இந்தியன் டாய்லெட், வண்டி பின்சீட்டு எல்லாம் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேணாம். தண்ணி குடம் பக்கமே விடாதீங்க, நிறைகுடம் பத்து கிலோவுக்கு மேல, ஆரம்பத்துல நாலஞ்சு கிலோவே ஜாஸ்தி. வலி மாத்திரையால மலச்சிக்கல் வரும், முக்கினா முதுகு கேக்காது, அதனால தண்ணி, கீரை, வாழைப்பழம். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க, எலும்பு ஒட்டுறத அது தாமதமாக்கலாம். பீடி சிகரெட் பழக்கம் இருந்தா நிறுத்தியே ஆகணும், நிகோட்டின் எலும்பு ஒட்ட விடாது.

காய்ச்சல், புண்ணுல நீர் வடியறது, கெண்டைக்கால் வீக்கம் வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. கால் திடீர்னு பலம் இழந்தா, தொடை இடுக்கு மரத்துப்போனா, மூத்திரம் வராம நின்னாலோ தன்னால போனாலோ விடியட்டும்னு காத்திருக்காம ராத்திரி ரெண்டு மணின்னாலும் கிளம்பிடுங்க.