டெம்போரல் எலும்பைத் தொட்டுப் படிப்பது எப்படி?

மண்டையோட்டின் பக்கவாட்டில், காதை ஒட்டி இருக்கும் இந்த எலும்பு முதலாண்டு மருத்துவ மாணவர்கள் பலரைத் திணறடிக்கும். படத்தை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்துவிடும். உங்கள் தலையிலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: தொட்டுப் பாருங்கள்
காது மடலுக்குப் பின்னால், கீழ்ப்பக்கமாக ஒரு புடைப்பு தட்டுப்படும். அதுதான் மாஸ்டாய்டு. இனி காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். நகர்வது தாடை மூட்டு. அதன் குழி இந்த எலும்பில்தான் இருக்கிறது. காதுவலி என்று வருபவருக்குக் காதில் ஒரு கோளாறும் தெரியாவிட்டால், இந்த மூட்டை அழுத்திப் பார்க்க மறக்காதீர்கள்.

படி 2: வலதா, இடதா?
எலும்பைக் கையில் எடுங்கள். மெல்லிய தட்டு மேலே, கன்னத்தை நோக்கி ஓடும் நீட்சி முன்னே, காதுத் துளை வெளியே இருக்கட்டும். எந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிறதோ அந்தப் பக்கத்து எலும்பு அது. உள்நோக்கி நீளும் கூம்புதான் பெட்ரஸ் பகுதி. பெயருக்குப் பொருளே பாறை போன்றது என்பதுதான். உள்காது இதற்குள் பத்திரமாக இருக்கிறது.

படி 3: கவிழ்த்துப் பாருங்கள்
இங்கே அவசரப்படாதீர்கள். ஊசிபோல் நீள்வது ஸ்டைலாய்டு. கைமாறிக் கைமாறி வந்த எலும்புகளில் பெரும்பாலும் உடைந்திருக்கும், அடிக்கட்டையைத் தேடுங்கள். அதற்கும் மாஸ்டாய்டுக்கும் நடுவே ஒரு சிறு துளை தெரியும். முகத்தசைகளை இயக்கும் ஃபேசியல் நரம்பு வெளியே வரும் வாசல் அது.

பெரியவர்களுக்கு மாஸ்டாய்டு புடைப்பு அந்த நரம்புக்கு அரணாக நிற்கிறது. பிறந்த குழந்தைக்கு அந்தப் புடைப்பே இல்லை. இரண்டு வயதையொட்டித்தான் உருப்பெறும். அதுவரை நரம்பு தோலுக்கு மிக அருகில் கிடக்கிறது. ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை அழும்போது வாய் ஒரு பக்கமே இழுத்துக்கொண்டால், எதிர்ப்பக்க நரம்பு அழுந்தியிருக்கலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பதைத் தாய்க்கு உடனே சொல்லுங்கள். கைக்குழந்தைக்குக் காதின் பின்னால் கத்தி வைக்கும் மருத்துவர் கீறலை மேலே தள்ளிப் போடுவதும் இந்த நரம்பைக் காக்கத்தான்.

பக்கத்திலிருக்கும் பெரிய வட்டத் துளையில் ஓர் ஈர்க்கை மெதுவாக நுழையுங்கள். சற்று உள்ளே போனதும் முட்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி அங்கே மேலே ஏறி, முன்பக்கமாக மடிந்து போகிறது.

படி 4: காதுக்குப் பின்னால் ஓர் அறை
மாஸ்டாய்டுக்குள் காற்றறைகள் உண்டு. அவற்றில் பெரியது ஆன்ட்ரம். பெரியவர்களுக்கு மேற்பரப்பிலிருந்து சுமார் 15 மி.மீ. ஆழத்தில், பிறந்த குழந்தைக்கு 2 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது. நடுக்காதுச் சீழ் இங்கே பரவும். மேற்கூரை மெல்லியது, அதற்கு மேலே மூளை. காதில் சீழ் வடியும் பிள்ளைக்குக் காய்ச்சலுடன் காதின் பின்புறம் வீங்கி, மடல் முன்னால் தள்ளி நின்றால் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

படி 5: அடிபட்ட தலை
‘பொட்டில் அடித்தாற்போல’ என்கிறோமே, அந்தப் பொட்டில் நான்கு எலும்புகள் கூடுகின்றன. எலும்பு அங்கே மெல்லியது. உள்பக்கம் ஒட்டியபடி ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால், அடிபட்டவர் கொஞ்ச நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மயங்கலாம்.

எலும்பின் அடிப்பகுதி உடைந்தால் காதிலிருந்து தெளிந்த நீர் வடியலாம். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கக்கூடும். பஞ்சை உள்ளே திணிக்காதீர்கள், சொட்டு மருந்தும் விடாதீர்கள். மாஸ்டாய்டு மேல் தோன்றும் நீலக் கன்றலுக்கு ‘பேட்டில் அறிகுறி’ என்று பெயர். அது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும் என்பதால், மறுநாளும் காது மடலை விலக்கிப் பாருங்கள்.