8.27 கிலோஹெர்ட்ஸில் ஒரு சோதனை நிலையம்: முதலில் கேட்பது, பிறகு அனுப்புவது

8.27 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 36 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 36 மீட்டர் உயரக் கம்பம் நட்டாலும் அது அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு குட்டையான ஆண்டெனா மிகக் குறைவாகவே கதிர்வீசும். அதனால் இங்கே வாட்டைக் கூட்டுவதால் கிடைக்கும் பலன் குறைவு. இரைச்சலைக் குறைப்பதும் பட்டை அகலத்தை, அதாவது கேட்கும் அதிர்வெண் பரப்பை, சுருக்குவதும்தான் தூரத்தைத் தருகின்றன.

அனுப்பும் கருவியைக் கட்டுவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அதிர்வெண் ஒதுக்கீட்டு அட்டவணை 8.3 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 2012 உலக வானொலித் தொடர்பு மாநாடு 8.3 முதல் 11.3 வரையான பகுதியில் வானிலைத் துணைச் சேவைக்கு இடம் கொடுத்தது. அச்சேவை அங்கே கேட்க மட்டுமே செய்யலாம். மின்னல் விழும் இடத்தைக் கண்டறியும் நிலையங்களுக்காக வந்த ஏற்பாடு அது. முன்பு 8.97-இல் இயங்கிய அமெச்சூர் வானொலிக்காரர்கள் 8.27-க்கு இறங்கி வந்தது இதனால்தான்.

ஒதுக்கப்படாத இடம் என்றால் அனுமதி தேவையில்லாத இடம் என்று பொருளில்லை. ஒன்றியத்தின் விதிமுறைகள் ரேடியோ அலைக்கு 3000 கிகாஹெர்ட்ஸ் என்ற மேல் எல்லையை மட்டும் வைக்கின்றன. கீழ் எல்லை கிடையாது. சில நாடுகள் 9 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே கட்டுப்பாடு வைப்பதில்லை, சில நாடுகள் தனி அனுமதி கேட்கின்றன. உங்கள் அமெச்சூர் உரிமம் இந்த அதிர்வெண்ணுக்குத் தானாக நீளாது. உரிமம் தரும் அலுவலகத்துக்கு அதிர்வெண், வாட், ஆண்டெனா வகை, இடம், காலம் ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பெரும்பாலும் ஒரு நிபந்தனையும் சேர்ந்து வரும்: பிறருக்குக் குறுக்கீடு தரக்கூடாது, பிறரால் வரும் குறுக்கீட்டுக்குப் பாதுகாப்பும் கேட்கக்கூடாது. கிடைக்காவிட்டால் உங்கள் நாட்டு உரிமத்தில் 135.7–137.8 அல்லது 472–479 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 1 வாட் கதிர்வீச்சு வரம்புக்குள் அங்கே நிறையக் கற்கலாம். கேட்பதை மட்டும் இன்றே தொடங்கிவிடலாம்.

கேட்கும் லூப் (சுருள் ஆண்டெனா)

80 செ.மீ. பக்கமுள்ள சதுர மரச்சட்டத்தில் 0.5 மி.மீ. எனாமல் கம்பியை 30 சுற்று சுற்றுங்கள். சுமார் 96 மீட்டர் கம்பி ஆகும். தூண்டம் ஏறத்தாழ 2.5 மில்லிஹென்றி, கம்பியின் மின்தடை 8 ஓமை ஒட்டி வரும். இதை 8.27-க்கு ட்யூன் செய்ய 0.15 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலின் கெப்பாசிட்டர் போதும். ஒத்திசைவில் மின்மறுப்பு சுமார் 2 கிலோஓம். என்இ5534 ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லின் நேர் உள்ளீட்டில் கொடுத்து 100 மடங்கு பெருக்குங்கள். மின்சாரம் இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலிருந்து வரட்டும், அடாப்டர் வேண்டாம். அங்கிருந்து 1:1 ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக மடிக்கணினியின் சவுண்ட் கார்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைத் தவிர்த்தால் கணினியின் இரைச்சல் எர்த் வழியாக லூப்புக்குள் ஏறிவிடும்.

முதல் சோதனையைக் கெப்பாசிட்டர் இல்லாமல் செய்யுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி விகிதத்தில், அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் மென்பொருளின் திரையில் 24 கிலோஹெர்ட்ஸ் வரை தெரியும். நீர்மூழ்கிகளுக்கு அனுப்பும் கடற்படை நிலையங்கள், உதாரணமாக 19.8-இல் ஆஸ்திரேலியாவின் என்டபிள்யூசி, சில நூறு ஹெர்ட்ஸ் அகலத் திட்டாகத் திரையில் நிற்க வேண்டும். எதுவுமே தெரியவில்லை என்றால் பெருக்கியைப் பாருங்கள், லூப்பை அல்ல.

பிறகு கெப்பாசிட்டரைப் போட்டு இரைச்சலைத் தேடுங்கள். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். திரையிலிருந்து மறையும் கோடுகள் உங்கள் வீட்டுக் கருவிகளுடையவை: எல்இடி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர். மறையாதவற்றுக்கு லூப்பைத் திருப்பி அந்தத் திசையைப் பள்ளத்தில், அதாவது லூப் மிகக் குறைவாகக் கேட்கும் திசையில், வையுங்கள், அல்லது லூப்பை வீட்டைவிட்டு 20–30 மீட்டர் தள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 165-ஆவது மடங்கு 8250-இல் விழுகிறது, அடுத்தது 8300-இல். நடுவே இடம் உண்டு. ஆனால் மின்சார அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் அந்தக் கோடு 16.5 ஹெர்ட்ஸ் நகரும். நேற்றுச் சுத்தமாக இருந்த இடம் இன்று கெட்டுப்போவதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற மென்பொருளில் 262144 புள்ளி எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் பெட்டிகளாகப் பிரிக்கும் கணக்கு) வைத்தால் ஒரு பெட்டியின் அகலம் 0.18 ஹெர்ட்ஸ். 2500 ஹெர்ட்ஸ் குரல் வடிகட்டியோடு ஒப்பிட்டால் இரைச்சலில் சுமார் 41 டெசிபல் லாபம். இவ்வளவு பெரிய லாபத்தை எந்த ஆம்ப்ளிஃபயரும் தராது. இதற்கு ஈடாகப் பொறுமை வேண்டும்: ஒரு மோர்ஸ் புள்ளிக்கு 10 விநாடி. சவுண்ட் கார்டின் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால் 8270-இல் 0.4 ஹெர்ட்ஸ் தள்ளிவிடும், அதாவது இரண்டு பெட்டி. இதைத் திருத்த ஜிபிஎஸ் தரும் விநாடித் துடிப்பை சவுண்ட் கார்டின் இரண்டாவது சேனலில் கொடுங்கள்.

மண் வழியாக அனுப்புதல்

எளிய வழி இரண்டு எர்த் கம்பிகள். 1.2 மீட்டர் செம்புப் பூச்சுக் கம்பிகளை 20–30 மீட்டர் இடைவெளியில் அடித்து, இடையே காப்பிட்ட வயரை ஓட்டுங்கள். மின்னோட்டம் மண்ணுக்குள் திரும்பி வருவதால் வயரும் மண்ணும் சேர்ந்து ஒரு பெரிய லூப் ஆகின்றன. வீட்டு மின்சார எர்த்தை ஒரு முனையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

மின்தடையை அளக்க மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்பாதீர்கள். கம்பிகள் மண்ணோடு வேதிவினை செய்து சிறு மின்னழுத்தம் தருவதால் அது தப்பாகக் காட்டும். 10 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து 400 ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, அந்த ரெசிஸ்டரின் மேலும் இரண்டு எர்த் கம்பிகளுக்கு இடையிலும் விழும் ஏசி வோல்ட்டை ஒப்பிடுங்கள். 8 கிலோஹெர்ட்ஸில் பல மீட்டர்கள் சரியாக அளப்பதில்லை. 70 ஓமை ஒட்டி வந்தால் 8 ஓம் ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்கு 1:3 ட்ரான்ஸ்ஃபார்மர் பொருந்தும்: ஈடிடி34 ஃபெரைட் கருவில் 25 சுற்றும் 75 சுற்றும். 20 வாட்டில் மண்ணுக்குள் 0.5 ஆம்பியர் போகும். மின்தடை அதிகமாக வந்தால் ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று கம்பிகளை இணையாகச் சேருங்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே வடிகட்டி அவசியம்: 100 மைக்ரோஹென்றி காயில், தரைக்கு 3.3 மைக்ரோஃபாரட், மறுபடி 100 மைக்ரோஹென்றி. இது மூன்றாம் மடங்கான 24.81 கிலோஹெர்ட்ஸைச் சுமார் 19 டெசிபல் அடக்கும். இரண்டாம் மடங்குக்கு 9 டெசிபல்தான் கிடைக்கும்; எனவே ஆம்ப்ளிஃபயரை அலையின் உச்சி வெட்டுப்படும் அளவுக்கு ஓட்டாதீர்கள். காயிலின் கரு 3 ஆம்பியர் உச்சத்தில் காந்தச் செறிவு அடையாததாக இருக்கட்டும். செறிந்தால் வடிகட்டியே புதிய மடங்குகளை உண்டாக்கும்.

ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் வரை நீங்கள் அருகாமைப் புலத்தில் இருக்கிறீர்கள். அங்கே தூரம் இரட்டித்தால் 18 டெசிபல் போய்விடும். அதனால் 200 மீட்டரில் தொடங்கி லூப்பைப் படிப்படியாக நகர்த்துங்கள். திடீரென்று சிக்னல் உயர்ந்தால் அடியில் குழாயோ கேபிளோ ஓடுகிறது. அந்த அளவீட்டைத் தனியாகக் குறியுங்கள்.

செங்குத்து ஆண்டெனா அடுத்த கட்டம். 10 மீட்டர் வெறும் கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் 60 பிகோஃபாரட் என்றால் அதை ட்யூன் செய்ய 6 ஹென்றி காயில் வேண்டும், 0.1 ஆம்பியருக்கே 32 கிலோவோல்ட் நிற்கும். மேலே வயர் பரப்பிக் கெப்பாசிட்டன்ஸை 300 பிகோஃபாரட் ஆக்கினால் 1.2 ஹென்றியும் 6.4 கிலோவோல்ட்டும் போதும். கதிர்வீச்சு அப்போதும் ஒரு மைக்ரோவாட் அளவுதான். காயிலைச் சுற்றி வேலி போடாமல் இதை இயக்க வேண்டாம்.

குறுக்கீட்டில் பலர் மறப்பது ஒன்று உண்டு. புதைந்த கேபிளைத் தேடும் கருவிகள் 8.19 கிலோஹெர்ட்ஸைப் பயன்படுத்துகின்றன, உங்கள் சிக்னலுக்கு 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அருகில் தெருவைத் தோண்டும் வேலை நடந்தால் உடனே நிறுத்துங்கள். கேபிள் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டினால் தோண்டுபவருக்கு ஆபத்து. ஒவ்வொரு அனுப்புதலிலும் அழைப்புக்குறியைச் சேருங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், மின்னோட்டம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். புகார் வந்தால் அந்த நேரங்களைப் புகாரின் நேரங்களோடு பொருத்திப் பார்த்து, பொருந்தினால் வாட்டைப் பாதியாக்கி மீண்டும் சோதியுங்கள். அப்போதும் தொந்தரவு தொடர்ந்தால், காரணம் தெரியும்வரை அனுப்பாதீர்கள்.