ஒரே பெட்டி, இரண்டு அடுப்பு: மைக்ரோவேவ் ஓவனைப் பயமில்லாமல் பழகுவது எப்படி?

மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த சின்னப் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, பட்டன்கள் ஏகப்பட்டது இருக்கின்றன, எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று தயங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே பார்க்க ஒரே அடுப்புதான், ஆனால் உள்ளே இரண்டு அடுப்புகள் இருக்கின்றன, இரண்டுக்கும் சட்டதிட்டங்கள் வேறு, பல இடங்களில் நேர் எதிர். ஓவனைக் காலியாகவே சூடேற்றித்தான் கேக் வைக்க வேண்டும், மைக்ரோவேவைக் காலியாக ஓட்டவே கூடாது. ஓவனுக்கு உலோகத் தட்டு நல்லது, அதையே மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். மைக்ரோவேவுக்கென்று செய்த பிளாஸ்டிக் டப்பா அதில் தாங்கும், ஓவன் சூட்டில் உருகி வழிந்துவிடும். அதனால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் முன் "இப்போது எந்த அடுப்பு ஓடப்போகிறது?" என்று ஒரு நொடி யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

உள்ளே என்ன நடக்கிறது

மைக்ரோவேவ் பகுதியில் மேக்னட்ரான் என்றொரு குழாய் இருக்கிறது. ராடாருக்காகப் பயன்பட்ட அதே வகைக் குழாய்தான். 1945-ல் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் ராடார் வேலையின்போது தன் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்ததிலிருந்துதான் இந்த அடுப்பின் கதையே தொடங்குகிறது. மேக்னட்ரான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்புகிறது, உணவில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் அதை வாங்கிக்கொண்டு சூடாகின்றன. மைக்ரோவேவ் உணவை நடுவிலிருந்து சூடாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. அலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் நன்றாகப் போகும், அதற்கு உள்ளே இருப்பது மெல்ல மெல்ல வெளிச்சூடு பரவித்தான் சூடாக வேண்டும். ஓரத்தில் கொதிக்கும் சூப் நடுவில் சில்லென்று இருப்பது இதனால்தான்.

கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் கறுப்பு வலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், வலையின் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். வெளிச்சம் அதில் நுழைந்து வெளியே வரும், அலையால் முடியாது. கதவு திறந்தால் அலை உடனே நின்றுவிடும்படி பூட்டுக்குள் சுவிட்சுகளும் உண்டு. எனவே கதவும் வலையும் சரியாக இருக்கும்வரை பக்கத்தில் நிற்கப் பயப்பட வேண்டியதில்லை.

ஓவன் பகுதி எளிது. சூடேறும் கம்பியும் ஒரு ஃபேனும், அவ்வளவுதான். சூடான காற்று சுற்றிவந்து உணவின் மேல்புறத்தைக் காயவைத்துப் பொன்னிறமாக்குகிறது. கிரில் என்பது மேலே இருக்கும் கம்பி மட்டும் எரிவது. காம்பி என்று போட்டிருந்தால் அலையும் சூட்டுக்காற்றும் அல்லது அலையும் கிரில்லும் சேர்ந்து ஓடுகின்றன என்று அர்த்தம், அப்போது இரண்டு அடுப்பின் விதிகளும் ஒன்றாகப் பொருந்தும்: பாத்திரம் சூட்டையும் தாங்க வேண்டும், உலோகமாகவும் இருக்கக் கூடாது.

இடமும் கரண்டும்

சுவரலமாரிக்குள் பொருத்தும் சிறிய மாடல்கள் பெரும்பாலும் 45 செ.மீ உயரம், 60 செ.மீ அகலம் கொண்ட குழிக்கு அளவாக வரும். குழி சரியாக இருந்தால் போதாது, பின்னாலும் மேலும் காற்றுப் போக கையேட்டில் எவ்வளவு இடைவெளி கேட்டிருக்கிறதோ அதை விட்டே ஆக வேண்டும். மேசைமேல் வைக்கும் மாடல் என்றால் அதை அலமாரிக்குள் திணிக்காதீர்கள், தலைமேல் துணியையோ பேப்பரையோ வைக்காதீர்கள்.

எர்த் உள்ள தனி ப்ளக் பாயின்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு லேபிள் இருக்கும், அதில் மொத்தம் எத்தனை வாட் இழுக்கும் என்று போட்டிருக்கும், பொருத்தும் மாடல்களில் 3,000 வாட்டைத் தாண்டுவதும் உண்டு. அந்த எண்ணை எலக்ட்ரீஷியனிடம் காட்டி உங்கள் வீட்டு ஒயர் தாங்குமா என்று கேட்டுவிட்டுத்தான் சொருக வேண்டும். சமைத்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் கேட்கும், உள்ளே இருக்கும் பாகங்களை அது குளிரவைக்கிறது. சத்தம் நிற்கும் முன் மெயினை அணைக்க வேண்டாம்.

முதல் முறை சூடேற்றுவது

உள்ளே இருக்கும் தெர்மோகோல், அட்டை, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆனால் உள்சுவரில், பெரும்பாலும் வலது பக்கம், சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் அட்டை மாதிரி ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தால் அதைப் பேக்கிங் என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். அது மைக்கா தகடு, அலை வரும் வாயை எண்ணெயும் ஆவியும் போகாமல் மூடிக் காக்கிறது.

அப்புறம் ஈரத்துணியால் துடைத்து, சூட்டுக்காற்று முறையில், கையேட்டில் சொன்ன வெப்பத்தில் சொன்ன நேரம் காலியாக ஓடவிடுங்கள். தொழிற்சாலை எண்ணெய் எரிந்து வாடையும் லேசாகப் புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் கிளி, குருவி வளர்த்தால் கூண்டை வேறு அறைக்கு மாற்றுங்கள், பறவைகளுக்கு இந்தப் புகை சுத்தமாக ஆகாது. காலியாக ஓட்டுவது ஓவன் முறையில் மட்டும்தான் என்பதை இங்கே திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளில் மாற்றி அழுத்துவது மிகச் சுலபம். மைக்ரோவேவைக் காலியாக ஓட்டினால் அலையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் அது மேக்னட்ரானுக்கே திரும்பிப் போகும், குழாய் கெட்டுப்போகலாம்.

எந்தப் பாத்திரம்?

கண்ணாடி, பீங்கான் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. சந்தேகமான கிண்ணத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கண்ணாடிக் கப்பில் தண்ணீர் நிரப்பி, அதன் பக்கத்திலேயே சந்தேகக் கிண்ணத்தைக் காலியாக வைத்து, முழுச் சக்தியில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி கிண்ணம் குளிர்ந்தே இருந்தால் அது ஆகும். கிண்ணம் சுட்டுவிட்டுத் தண்ணீர் அப்படியே இருந்தால் அது ஆகாது. மெலமைன் தட்டுகள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். உலோகத்துக்கும், தங்கநிறக் கோடு போட்ட பீங்கானுக்கும் இந்தச் சோதனையே வேண்டாம், அந்தக் கோட்டிலேயே பொறி வரும்.

பிளாஸ்டிக் டப்பாவில் மைக்ரோவேவ் குறி இருந்தாலும் எண்ணெயும் சர்க்கரையும் நிறைய உள்ள உணவைக் கண்ணாடிக்கு மாற்றிவிடுவதே நல்லது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிவிடும், எண்ணெய் அதைத் தாண்டிச் சூடாகி டப்பாவை உருக்கும்.

இந்த இரட்டை அடுப்பில் மட்டும் இருக்கிற ஒரு ஆபத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 200 டிகிரியில் ஏதோ சுட்டு எடுத்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது. இப்போது சாப்பாட்டைச் சூடாக்க வழக்கமான பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைத்து மைக்ரோவேவை அழுத்துகிறீர்கள். பட்டன் சரிதான், டப்பாவும் சரிதான், ஆனால் தரையும் சுவரும் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கின்றன, டப்பாவின் அடிப்பாகம் அதில் ஒட்டிக்கொண்டு உருகும். ஓவனுக்குப் பிறகு மைக்ரோவேவ் என்றால் கதவைத் திறந்துவைத்து ஆறவிடுங்கள், அவசரமாக இருந்தால் சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் போதும், பிளாஸ்டிக் பக்கம் போகாதீர்கள்.

கம்பி ஸ்டாண்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் தங்கள் ஸ்டாண்டை காம்பி முறைக்கும் சேர்த்தே செய்கின்றன, சில செய்வதில்லை. கையேட்டில் அனுமதி இல்லை என்றால் மைக்ரோவேவ் ஓடும்போது அது வெளியே இருக்கட்டும். வேறு அடுப்பின் ஸ்டாண்டை இதில் போடவே போடாதீர்கள், சுவருக்கு நெருங்கினால் இரண்டுக்கும் நடுவில் பொறி தாவும்.

மைக்ரோவேவில் முதல் வேலை: ஒரு கப் தண்ணீர்

எளிதாகத் தோன்றும், ஆனால் கை சுட்டுக்கொள்வதும் இதில்தான். வழவழப்பான புதுக் கப்பில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் சும்மா இருக்கும், எடுத்து ஸ்பூனையோ தூளையோ போட்டதும் ஒரேயடியாகப் பொங்கித் தெறிக்கும். ஓட்டும் முன்பே ஒரு மரக்கரண்டியைக் கப்பில் போட்டுவையுங்கள், முடிந்ததும் அரை நிமிடம் தொடாமல் விடுங்கள்.

உணவைச் சூடாக்கும்போது நடுவில் குவிக்காமல் வளையமாகப் பரப்பி, ஆவி போக வழிவிட்டு மேலே மூடி, பாதியில் ஒரு தடவை கிளறி, முடிந்த பிறகு இரண்டு நிமிடம் அப்படியே வையுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஓரத்துச் சூடு நடுவுக்குப் போய்ச் சேரும். மீந்த உணவு நடுவிலும் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், உணவுத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை. பவரைக் குறைத்தால் பெரும்பாலான மாடல்களில் அலை பலவீனமாவதில்லை, விட்டுவிட்டு ஓடுகிறது, விர்ரென்ற சத்தம் மாறுவதைக் கேட்டாலே தெரியும். உறைந்த உணவுக்கு அந்த இடைவெளிதான் தேவை.

ஓட்டுடன் முட்டை வேண்டாம், வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்துத் தொட்டபிறகு வெடிக்கும். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். இறுக மூடிய எதையும் வைக்காதீர்கள். குழந்தைப் பாலை இதில் சூடாக்காமல் இருப்பதே நல்லது. சூடாக்கியே ஆக வேண்டுமென்றால் மூடியையும் நிப்பிளையும் கழற்றிவிட்டுச் சூடாக்கி, பிறகு நன்றாகக் குலுக்கி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பாட்டில் வெளியே வெதுவெதுப்பாக இருந்துகொண்டே உள்ளே ஓரிடத்தில் பால் கொதித்திருக்கும்.

ஓவனில் முதல் வேலை

சூட்டுக்காற்று முறையைத் தேர்ந்தெடுங்கள், முன்கூட்டிச் சூடாகட்டும். ஃபேன் இல்லாத ஓவனுக்கு எழுதிய செய்முறை என்றால் வெப்பத்தை 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள், 180 என்றால் 160. உலோக டின் இங்கே தாராளமாக வைக்கலாம். சுழல்தட்டை எடுக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். சூடான கண்ணாடித் தட்டில் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது, விரிசல் விட்டுவிடும். பிடிக்கும் துணி காய்ந்திருக்க வேண்டும், ஈரத்துணி வழியாகச் சூடு சட்டென்று கைக்கு ஏறும். இதுவரை மைக்ரோவேவ் மட்டுமே வைத்திருந்தவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், அங்கே சுவர் அவ்வளவாகச் சுடாது, இங்கே கதவு உள்பட எல்லாமே சுடும்.

சுத்தம்

மைக்ரோவேவ் மட்டும் உள்ள பெட்டியில் தெறித்த எண்ணெயை நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம். இதில் அப்படி விட முடியாது. மதியம் மைக்ரோவேவில் தெறித்தது, சாயங்காலம் ஓவன் சூட்டில் கருகிச் சுவரோடு ஒட்டிவிடும், மறுநாள் மைக்ரோவேவை ஓட்டும்போது அந்தக் கரி அலையை வாங்கிக்கொண்டு பொறி விடும். அதனால் ஆறியதும் அன்றன்றே துடைப்பதுதான் வழி.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர், இரண்டு துண்டு எலுமிச்சை, மரக்கரண்டி. ஐந்து நிமிடம் மைக்ரோவேவில் ஓட்டி, இன்னொரு ஐந்து நிமிடம் கதவைத் திறக்காமல் விட்டால் ஆவியில் அழுக்கு ஊறிவிடும், மெல்லிய துணியால் துடைத்தாலே வரும். கத்தி, கம்பி நார், ஓவனுக்கென்று விற்கும் காரமான ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், துளைகளுக்குள் போனால் தொல்லை. மைக்கா தகட்டை ஈரம் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், அதில் கருகல் புள்ளியோ ஓட்டையோ தெரிந்தால் அதே மாடலுக்கான தகட்டை மாற்றும்வரை மைக்ரோவேவை ஓட்டாதீர்கள். கதவு மூடும் விளிம்பில் ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்கக் கூடாது. கடைசியில் ஈரத்தைத் துடைத்துக் கதவைக் கொஞ்ச நேரம் லேசாகத் திறந்து வையுங்கள்.

சக்தி குறைகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், வெப்பத்தைக் குறித்துக்கொண்டு முழுச் சக்தியில் சரியாக 2 நிமிடம், உடனே கிளறி மறுபடி அளக்க வேண்டும். ஏறிய டிகிரியை 35-ஆல் பெருக்கினால் கிடைப்பது வாட். 20-லிருந்து 44-க்குப் போயிருந்தால் 24 × 35, அதாவது 840 வாட். பாத்திரமும் கொஞ்சம் சூட்டைத் தின்னும் என்பதால் லேபிளைவிடக் குறைவாக வருவது சகஜம். வாங்கிய புதிதில் ஒருமுறை அளந்து கையேட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள், பின்னால் ஒப்பிட அந்த எண்தான் உதவும்.

எப்போது நிறுத்த வேண்டும்

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ வளரும். அணைத்துவிட்டு, எட்டுமானால் மெயினையோ ப்ளக்கையோ துண்டித்து, தானாக அடங்கும்வரை விடுங்கள். அடங்காவிட்டால் எல்லோரும் வெளியே வந்து தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கதவு சரியாக மூடவில்லை, கண்ணாடி விரிந்திருக்கிறது, கீல் ஆடுகிறது, கதவைத் திறந்தபிறகும் (குளிரவைக்கும் ஃபேன் சத்தம் அல்ல) மைக்ரோவேவ் ஓடும் சத்தம் கேட்கிறது, காலிச் சுவரில் பொறி வருகிறது என்றால் அன்றோடு நிறுத்துங்கள். மேல்மூடியை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கலாம், உயிரைப் பறிக்க அது போதும். கைபேசியை உள்ளே வைத்து அழைத்து "ரிங் போகிறது, அலை கசிகிறது" என்று முடிவு கட்டும் வழக்கம் ஒன்று உண்டு, அது கசிவை அளக்காது. கதவோ பூட்டோ பழுது பார்க்கப்பட்டால், வேலை முடிந்ததும் கசிவு மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லி சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். அமெரிக்க விதிப்படி, அடுப்பின் ஆயுள் முழுக்க, அதன் மேற்பரப்பிலிருந்து சுமார் 5 செ.மீ தூரத்தில் கசிவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் கொண்டுவராத ஆளிடம் கதவு வேலையைக் கொடுக்காதீர்கள்.